ஜெயித்தாலும் திட்டு!

10 ஆட்டம் வென்ற கல்லூரி அணிமீது ரசிகர்கள் சீறியது ஏன்?
தகப்பனார் தலைமைக் கோச். மகன் தாக்குதல் கோச்!

தோற்ற அணியை ரசிகர்கள் திட்டுவார்கள். அது உலக வழக்கம்.

ஜெயித்த அணியைத் திட்டுவார்களா?

திட்டினார்கள்! அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் 2023-ம் ஆண்டு அது நடந்தது.

அந்த ஆண்டு அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணி 14 ஆட்டங்கள் ஆடியது. பத்தில் வெற்றி. நான்கில்தான் தோல்வி. வேறு ஊராக இருந்தால் மாலை போட்டு ஊர்வலம் விட்டிருப்பார்கள்.

அயோவா ரசிகர்களோ பல்லைக் கடித்தார்கள். தலையில் அடித்துக்கொண்டார்கள். "அடுத்து என்ன ஆடப் போகிறார்கள் என்று எங்களுக்கே தெரிகிறதே! எதிரிக்குத் தெரியாதா?" என்பதே அவர்களுடைய குமுறல்.

அந்தக் குமுறலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தகப்பனார், மகன், 325 என்ற எண், ஒரு வெண்கலப் பன்றி, கடல் கடந்து வந்த ஒரு காலுதைவீரர் - எல்லாரும் அந்தக் கதையில் வருகிறார்கள்.

இது வேறு கால்பந்து

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்.

அமெரிக்கக் கால்பந்து, நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. பந்து உருண்டையாக இருக்காது, தேங்காய்போல் நீண்டிருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். தூர எறிந்து, தன் அணிக்காரரைப் பிடிக்கச் சொல்லலாம். எதிரிகள் பாய்ந்து கீழே தள்ளுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தலையில் கவசம், தோளில் கவசம்!

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அந்த நான்குக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரி கைக்குப் போய்விடும்.

எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. அதற்கு 'டச்டவுன்' என்று பெயர். அதன்பின் உதைத்து ஒரு புள்ளி சேர்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி பெறலாம். எதிரியை அவனுடைய எல்லைக்குள்ளேயே மடக்கிப் போட்டால் 2 புள்ளி.

மூன்று வாய்ப்பிலும் ஒன்றும் நடக்கவில்லையா? நான்காவது வாய்ப்பில் பந்தை ஓங்கி உதைத்து, எதிரியின் பக்கத்துக்குத் தூர அனுப்பிவிடலாம். இதற்கு 'பன்ட்' என்று பெயர். "எங்களால் ஆகவில்லை, நீங்கள் தொலைவிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்வது போன்றது இது.

மற்ற அணிகளுக்குப் பன்ட் என்றால் சங்கடம். அயோவாவுக்கு அதுவே ஆயுதம்!

ஊரே ஒரு குடும்பம்

அயோவா, சோள வயல்கள் நிறைந்த மாநிலம். அங்கே பெரிய தொழில்முறைக் கால்பந்து அணி எதுவும் கிடையாது. ஆகவே கல்லூரி அணிதான் மக்களுக்கு உயிர். இலையுதிர் காலத்தில் சனிக்கிழமை வந்தால் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். கறுப்பும் மஞ்சளும் அணியின் நிறங்கள். பாட்டி முதல் பேத்தி வரை அந்த நிறத்தில் உடுத்தி வருவார்கள்.

அயோவா சிட்டி நகரில் உள்ள கினிக் ஸ்டேடியத்தில் சுமார் 69 ஆயிரம் பேர் உட்காரலாம். நைல் கினிக் என்பவர் 1939-ல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் பரிசை வென்றவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாகச் சேர்ந்து, 1943-ல் பயிற்சியின்போது விமானம் கடலில் விழுந்து உயிர்நீத்தார். அவருடைய பெயரைத்தான் 1972-ல் ஸ்டேடியத்துக்குச் சூட்டினார்கள்.

ஸ்டேடியத்தை ஒட்டிக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. நோயாளிக் குழந்தைகள் மேல்மாடிக் கண்ணாடி வழியே ஆட்டம் பார்ப்பார்கள். 2017 முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஆட்டத்தின் முதல் கால்பகுதி முடிந்ததும், மொத்தக் கூட்டமும் எழுந்து மருத்துவமனையை நோக்கிக் கையசைக்கும். ஆட்டக்காரர்களும் கையசைப்பார்கள். எதிர் அணியும் கையசைக்கும்! பார்ப்பவர்கள் கண் கலங்கும்.

இப்படி அன்பு கொண்ட கூட்டம்தான் கோபமும் கொண்டது. அன்பு இல்லாத இடத்தில் கோபம் ஏது?

தகப்பனாரும் மகனும்

அணியின் தலைமைக் கோச் கிர்க் பெரன்ட்ஸ். 1999-ம் ஆண்டுப் பருவத்தில் பொறுப்பேற்றார். முதல் வருடம் படுமோசம். ஒரு வெற்றி, பத்துத் தோல்வி! ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 2002-லும் 2004-லும் வட்டார லீக்கின் முதலிடத்தை அயோவா பகிர்ந்துகொண்டது.

கிர்க்கின் மகன் பிரையன். அதே அணியில் ஆடியவர். 2012-ல் உதவிக் கோச்சாக வந்தார். 2017-ல் 'தாக்குதல் கோச்' ஆனார். பந்து நம் கையில் இருக்கும்போது என்ன ஆடுவது, யார் ஓடுவது, யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கும் வேலை அது.

தகப்பனார் கையில் மகன் உத்தியோகம் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே பிரையன், பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். காகிதத்தில் ஏற்பாடு சரி. ஊர் வாயை மூட முடியுமா?

ஆரம்பம் அமர்க்களம். அதே 2017 நவம்பரில், பெரும் பலம் வாய்ந்த ஒகாயோ ஸ்டேட் அணியை 55-24 என்று அயோவா நொறுக்கியது. நாடே வாயைப் பிளந்தது.

ரசிகர்களை உறுத்தியதும் இதுதான். 55 புள்ளி எடுக்கத் தெரிந்தவர்கள் பிறகு ஏன் 10-க்குத் திண்டாடினார்கள்?

ஓட்டம், ஓட்டம், எறி, உதை!

அயோவாவின் ஆட்டத்தை ரசிகர்கள் நான்கே சொற்களில் அடக்கிவிட்டார்கள்.

முதல் வாய்ப்பு: நடுவே ஓட்டம். இரண்டு கஜம்.

இரண்டாம் வாய்ப்பு: மறுபடியும் ஓட்டம். ஒரு கஜம்.

மூன்றாம் வாய்ப்பு: கிட்டத்தில் ஓர் எறி. ஏழு கஜம் வேண்டிய இடத்தில் நான்கு கஜம்.

நான்காம் வாய்ப்பு: பன்ட்!

ஒவ்வொரு தடவையும் இப்படியே நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்தின் மனத்தில் பதிந்த சித்திரம் இதுதான்.

2022-ம் ஆண்டின் முதல் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை. தெற்கு டகோட்டா ஸ்டேட் அணியை அயோவா 7-3 என்று வென்றது. ஏழு புள்ளி என்றால் ஒரு டச்டவுனும் ஓர் உதையும் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது! ஒரு தடவை கம்பத்துக்கு நடுவே உதைத்து 3. எதிரியை அவன் எல்லைக்குள்ளேயே இரண்டு தடவை மடக்கி 4. ஆக மொத்தம் 7. டச்டவுன் ஒன்றுகூட இல்லை!

அந்த ஆண்டு 8 வெற்றி, 5 தோல்வி. ஆட்டத்துக்குச் சராசரி 18 புள்ளிகூட இல்லை.

பிறகு எப்படி ஜெயித்தார்கள்?

ஜெயித்ததற்கு இரண்டு காரணம்.

ஒன்று, தடுப்பாட்டம். தடுப்புக் கோச் பில் பார்க்கர் வகுத்த வியூகத்தை எதிரிகள் லேசில் உடைக்க முடியவில்லை. 2023-ல் நாட்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது அவருக்கே கிடைத்தது.

இரண்டாவது காரணம், டோரி டெய்லர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து வாலிபர். அங்கே ஆடும் கால்பந்தில் உதைத்துப் பழகிய கால். அந்தக் காலை நம்பித்தான் அயோவா ஆடியது.

கணக்கு இதுதான். முன்னேற முடியவில்லையா? கவலை இல்லை. டெய்லர் ஓங்கி உதைப்பார். பந்து எதிரியின் எல்லைக்கோட்டுப் பக்கத்தில் போய் விழும். எதிரி அங்கிருந்து தொடங்க வேண்டும். பார்க்கரின் தடுப்பு அவனை நகரவிடாது. அவன் உதைத்துத் திருப்புவான். பந்து இப்போது முன்னைவிடச் சாதகமான இடத்தில் அயோவாவுக்குக் கிடைக்கும். இப்படியே அங்குலம் அங்குலமாக நெருங்கி, கடைசியில் ஓர் உதை. மூன்று புள்ளி!

மெதுவான கணக்கு. ஆனால் பலித்த கணக்கு.

பன்ட் உதைக்க டெய்லர் மைதானத்துக்குள் வந்தால் கூட்டம் கைதட்டும். அதில் பாதி பாசம், பாதி கேலி. 'பன்ட் அடிப்பதே வெற்றி' என்ற வாசகம் போட்ட பனியன்களைக்கூட டெய்லர் விற்றார். வந்த லாபத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார். வயிற்றில் குழந்தை உதைப்பதைக் கர்ப்பிணிகள் தினமும் எண்ண வேண்டும், குறைந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று பிரசாரம் செய்யும் இயக்கம் அது. உதைக்காரர் உதவிய உதை இயக்கம்!

325 என்ற எண்

2023 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் ஒரு முடிவு செய்தது. பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியது.

வருடச் சம்பளத்தில் 50 ஆயிரம் டாலர் குறைப்பு. இனி 8½ லட்சம் டாலர். அதோடு இரண்டு நிபந்தனை. அணி குறைந்தது 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். இரண்டும் நிறைவேறாவிட்டால் 2024 ஜூனுடன் ஒப்பந்தம் முடியும்.

13 ஆட்டத்துக்கு 25 வீதம் பெருக்கினால் 325. அவ்வளவுதான்! ஊர் முழுவதும் அந்த எண்தான் பேச்சு. பத்திரிகைகள் வாராவாரம் கூட்டிக் கழித்துப் போட்டன. "இதுவரை எத்தனை? இன்னும் எத்தனை?" என்று ரசிகர்கள் எண்ணத் தொடங்கினார்கள். தடுப்பாட்டக்காரர்கள் பந்தைப் பறித்து ஓடி எடுக்கும் புள்ளியும் கணக்கில் சேரும் என்பதால், அதையும் சேர்த்துக் கேலி செய்தார்கள்.

ஒரு மனிதனின் உத்தியோகம், ஸ்கோர் பலகையில் தொங்கியது!

பருவம் தொடங்கியது. மூன்றாவது ஆட்டத்தில் 41 புள்ளி வந்தபோது நம்பிக்கை பிறந்தது. அடுத்த ஆட்டத்தில் பென் ஸ்டேட் அணியிடம் 31-0 தோல்வி. ஒரு புள்ளிகூட இல்லை!

விதியும் சேர்ந்து விளையாடியது. மிச்சிகனிலிருந்து அழைத்து வந்த முதன்மை எறிவீரர் கேட் மக்நமாரா, செப்டம்பர் இறுதியில் முழங்காலில் தசைநார் கிழிந்து படுத்தார். எறியும் பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்களான லூக் லாச்சி, எரிக் ஆல் இருவரும் ஒருவர்பின் ஒருவராகக் காயமடைந்து வெளியேறினார்கள். மாற்று எறிவீரர் டீக்கன் ஹில் திணறினார்.

காயம் உண்மை. ஆனால் ரசிகர்கள் சமாதானம் அடையவில்லை. "காயம் இந்த வருடம், கோளாறு போன வருடமே இருந்ததே!" என்றார்கள்.

வெண்கலப் பன்றி போனது

2023 அக்டோபர் 21. பக்கத்து மாநிலமான மினசோட்டாவுடன் கினிக் ஸ்டேடியத்தில் ஆட்டம்.

இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குப் பரிசு, வெண்கலத்தில் செய்த பன்றி! 1935-ல் இரு மாநில கவர்னர்களும் கட்டிய பந்தயத்தில் பிறந்த வழக்கம் அது. அயோவா மண்ணில் 1999-க்குப் பிறகு மினசோட்டா ஜெயித்ததே இல்லை.

அன்று பிற்பாதியில் அயோவா முன்னேறிய தூரம் எத்தனை தெரியுமா? மொத்தம் 12 கஜம்! ஒரு வீட்டு முற்றத்தின் நீளம்!

மினசோட்டா டச்டவுன் எடுக்கவில்லை. உதைத்து உதைத்தே நான்கு தடவை மூன்று மூன்றாகச் சேர்த்தது. 12-10.

ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரமே பாக்கி. மினசோட்டா உதைத்த பந்தைக் கூப்பர் டிஜீன் பிடித்தார். வளைந்தார், நெளிந்தார், எல்லை வரை ஓடிவிட்டார்! ஸ்டேடியம் அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

நடுவர்கள் படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். பந்து வரும்போது டிஜீன் இடக்கையை அசைத்திருக்கிறார். அப்படி அசைத்தால் பிடித்தபின் ஓடக் கூடாது என்று தீர்ப்பு. டச்டவுன் ரத்து!

கூட்டம் கொதித்தது. வெண்கலப் பன்றி மினசோட்டாவுக்குப் போனது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோபம் திசை மாறியது. நடுவர் செய்தது நியாயமா, அநியாயமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிற்பாதியில் 12 கஜம் ஓடிய அணிக்கு யாரைக் குறை சொல்ல யோக்கியதை?

எட்டு ஆட்டம் முடிந்திருந்தது. எடுத்தது 156 புள்ளி. எடுத்திருக்க வேண்டியது 200.

வந்தது உத்தரவு

அக்டோபர் 30. விளையாட்டுத் துறையின் இடைக்காலத் தலைவர் பெத் கோயட்ஸ் அறிக்கை விட்டார். இந்தப் பருவத்தோடு பிரையன் விலகுகிறார். அடுத்த ஆண்டு இருக்க மாட்டார்.

தகப்பனாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அணியில் பாக்கி நான்கு ஆட்டம். பக்கத்தில் நின்று ஆட்டத்தை நடத்துவது, வேலை பறிபோன சொந்த மகன்! இம்மாதிரி முடிவைப் பருவம் முடிந்த பிறகு எடுப்பதே தம் வழக்கம் என்று கிர்க் நிருபர்களிடம் தெரிவித்தார். மகிழ்ச்சி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. மகனும் விடவில்லை.

அந்த நான்கு ஆட்டம் என்ன ஆயிற்று?

நான்கிலும் வெற்றி!

நார்த்வெஸ்டர்னை 10-7. ரட்கர்ஸை 22-0. இல்லினாயை 15-13. நெப்ராஸ்காவை 13-10. இல்லினாய் ஆட்டத்தோடு வட்டாரப் பிரிவில் முதலிடம் உறுதியாயிற்று. நெப்ராஸ்கா ஆட்டத்தில், வழக்கமாக உதைப்பவரின் உதைகள் தடுக்கப்பட்டதால் மாற்றாளை இறக்கினார்கள். மார்ஷல் மீடர் என்ற அவர், கடைசி விநாடியில் 38 கஜத் தொலைவிலிருந்து உதைத்து ஜெயிக்க வைத்தார்.

ரட்கர்ஸ் ஆட்டம் தவிர எல்லாம் நூலிழை வெற்றிகள். ரசிகர்களுக்குச் சிரிப்பதா, அழுவதா என்று புரியவில்லை. ஆட்டம் முடிவதற்குள் அடிவயிறு கலங்கிவிடும். முடிந்த பிறகு ஆனந்தம். வீட்டுக்குப் போய் ஸ்கோரைப் பார்த்தால் எரிச்சல்!

டிசம்பர் 2-ந்தேதி லீக் இறுதி ஆட்டம். எதிரி மிச்சிகன். ஸ்கோர் 26-0. அயோவாவுக்குப் பூஜ்யம். அன்று அயோவா ரசிகர்கள் ஆரவாரம் செய்ய ஒரு விஷயம் கிடைத்தது. டோரி டெய்லர், ஒரு பருவத்தில் அதிக தூரம் பன்ட் உதைத்தவர் என்ற சாதனையை அன்று முறியடித்தார். 1938-ல் ஏற்பட்ட சாதனை அது. 85 ஆண்டு நின்றது! பருவ முடிவில் அவர் கணக்கு: 93 உதை, 4,479 கஜம்.

சாதனை டெய்லருக்கு. ஆனால் ஓர் அணி 93 தடவை பன்ட் உதைத்தது என்றால், 93 தடவை தாக்குதல் தோற்றது என்று அர்த்தம்!

2024 புத்தாண்டு தினத்தில் டென்னசி அணியிடம் 35-0. மறுபடியும் பூஜ்யம். பருவம் முடிந்தது. 14 ஆட்டத்தில் 216 புள்ளி. சராசரி 15½ கூட இல்லை. முன்னேறிய தூரத்தில், நாட்டின் முதல் பிரிவில் உள்ள 133 கல்லூரி அணிகளில் அயோவாவுக்குக் கடைசி இடம்.

பத்து வெற்றி, கடைசி இடம்! இரண்டும் ஒரே அணிக்கு!

யார் பக்கம் நியாயம்?

கிர்க்கின் பக்கம் பேசுபவர்கள் சொன்னார்கள்: "ஆட்டம் ஆடுவது ஜெயிப்பதற்கு. 13-10 என்றாலும் வெற்றி வெற்றிதானே? சாதாரண விவசாய மாநிலத்துப் பையன்களை வைத்துக்கொண்டு வருஷாவருஷம் பெரிய அணிகளோடு மோதுகிறார். இது போதாதா?"

எதிர்ப்பவர்கள் சொன்னார்கள்: "தடுப்புக்காரர்கள் ரத்தம் சிந்துகிறார்கள். தாக்குதல் அவர்களைக் கைவிடுகிறது. சின்ன அணிகளிடம் இந்த ஆட்டம் செல்லும். மிச்சிகனிடம், டென்னசியிடம் என்ன ஆயிற்று? பூஜ்யம், பூஜ்யம்! தடுப்பும் தாக்குதலும் சேர்ந்திருந்தால் பட்டமே வந்திருக்குமே!"

இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. அதனால்தான் சண்டை ஓயவில்லை.

இன்னொன்றும் உண்டு. ரசிகன் வெற்றியை மட்டும் வாங்க டிக்கெட் எடுப்பதில்லை. "இப்போது என்ன நடக்குமோ!" என்ற துடிப்பையும் சேர்த்து வாங்குகிறான். அந்தத் துடிப்பு இல்லாமல் போனால், ஜெயித்த ஆட்டமும் உப்பில்லாத சாப்பாடுதான்.

அடுத்த ஆண்டு நடந்தது

2024 ஜனவரியில் டிம் லெஸ்டர் புதிய தாக்குதல் கோச்சாக வந்தார். முதல் ஆட்டத்திலேயே 40-0 வெற்றி. கேலப் ஜான்சன் என்ற ஓட்டக்காரர் அந்தப் பருவத்தில் 1,537 கஜம் ஓடினார். ஓடியே 21 டச்டவுன் எடுத்தார்.

பிரையன் மேரிலாந்து பல்கலைக்கழக அணியில் வேலைக்குச் சேர்ந்தார். 2024 நவம்பரில் தகப்பனாரின் அணி அங்கே போய் ஆடியது. ஒரு பக்கம் தகப்பனார். எதிர்ப் பக்கம் மகன்! அயோவா 29-13 என்று ஜெயித்தது.

அந்தப் பருவத்தில் அயோவா எடுத்த மொத்தப் புள்ளி, 13 ஆட்டத்தில் 360. மகனுக்குக் கிட்டாமல் போன 325-ஐத் தாண்டி 35 கூடுதல்! கினிக் ஸ்டேடியத்தில் மறுபடியும் முகங்கள் மலர்ந்தன.

வெற்றி எத்தனை?

எட்டு! திட்டு வாங்கிய ஆண்டைவிட இரண்டு குறைவு!